மொட்டைமாடியில் படகுக் கணினி

திண்டுக்கல்லிலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால் அது புதுக்கோட்டையை உரசிக்கொண்டு போய் வேதாரண்யத்தில் கடலில் இறங்கும். மூன்று ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 10 டிகிரி 22 நிமிடத்தை ஒட்டி இருக்கின்றன. இடைப்பட்ட தூரம் இருநூறு கிலோமீட்டர் சொச்சம். திண்டுக்கல்லில் கடலும் இல்லை, துறைமுகமும் இல்லை. ஆனாலும் ஒரு சிறு படகுக்கு வழிகாட்டும் கணினியை அமைத்துப் பழக இந்த ஊரின் மொட்டைமாடியைவிட நல்ல இடம் அமைவது கடினம் என்பதுதான் என் கட்சி.

காரணம் எளிது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றுக்கு மொட்டைமாடியும் ஒன்றுதான், பாக் நீரிணையில் ஆடும் ஃபைபர் படகும் ஒன்றுதான். கடலில் கோளாறு வந்தால் உப்புத் தண்ணீர், ஆட்டம், இருட்டு, இன்ஜின் அதிர்வு எல்லாம் சேர்ந்து வரும். எது எதனால் என்று பிரித்துப் பார்க்க முடியாது. தரையில் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதிக்கலாம். திரையில் தெரியும் சின்னப் படகுப் படத்துக்குப் பின்னால் ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணை எத்தனை மீட்டர் வரை நம்பலாம் என்பதைக் கரையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். படகில் ஏறியபின் அதைக் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்காது.

தேவையான பொருள்கள் கொஞ்சம்தான். உள்ளங்கையளவு ராஸ்பெர்ரி பை கணினி ஒன்று, யுஎஸ்பி முனையுள்ள ஜிபிஎஸ் வாங்கி ஒன்று, வெயிலிலும் படிக்கத்தக்க பிரகாசமான திரை, 12 வோல்ட் பேட்டரி, அதை 5 வோல்ட்டாக இறக்கித் தரும் மாற்றி. மென்பொருளுக்கு ஓப்பன்சிபிஎன். டேவ் ரெஜிஸ்டர் என்பவர் தொடங்கி, உலகெங்குமுள்ள படகுக்காரர்கள் சேர்ந்து வளர்த்த இலவசத் திறமூல நிரல் அது. கைப்பேசி போதாதா என்று கேட்கலாம். துணைக்கு வைத்துக்கொள்ளக் கைப்பேசி மிக நல்லது. ஆனால் ஈரக் கைக்கு அதன் தொடுதிரை பணியாது, வெயிலில் சூடேறி அணைந்துவிடும், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரையும் அக்கம்பக்கக் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் கருவியையும் கம்பி வழியாக அதில் இணைப்பது பெரும்பாடு.

எல்லாவற்றையும் இணைத்தவுடன் வரைபடத்தைத் திறக்காதீர்கள். முதலில் ஜிபிஎஸ் வாங்கி கணினிக்கு என்ன சொல்கிறது என்பதைப் பச்சையாகப் பாருங்கள். நொடிக்கு ஒருமுறை சில வரிகள் ஓடும். டாலர் குறி, ஐந்து எழுத்து, பிறகு காற்புள்ளிகளால் பிரித்த எண்கள். என்எம்இஏ 0183 என்ற இந்த மொழியைத்தான் மீன்பிடிப் படகு முதல் சரக்குக் கப்பல் வரை கடற்கருவிகள் பல பத்தாண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. ஜிஜிஏ என்று முடியும் தலைப்புள்ள வரியை மட்டும் நிறுத்தி வாசித்தால் போதும், பாதிப் பாடம் முடிந்தது.

அதில் முதல் எண் நேரம். திண்டுக்கல்லில் விடியற்காலை 5.45 என்றால் அங்கே 001500 என்று இருக்கும். அது உலகப் பொது நேரம். நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. அடுத்து 1021.6000 என்பதுபோல ஒரு எண். இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். இது 10.216 டிகிரி அல்ல. முதல் இரண்டு இலக்கங்கள் டிகிரி, மீதி நிமிடம். 10 டிகிரி 21.6 நிமிடம், அதாவது 10.36 டிகிரி. தவறாகப் படித்து வரைபடத்தில் வைத்தால் திண்டுக்கல் பதினாறு கிலோமீட்டர் தெற்கே போய்விடும். தரையில் இந்தத் தவறு உடனே கண்ணில் படும், ஊர் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும் என்பதால். நடுக்கடலில் ஒரு வலைப்பாட்டின் பாயிண்டைக் கையால் தட்டி ஏற்றும்போது இதே தவறு நேர்ந்தால் கண்டுபிடிக்கச் சுற்றிலும் எந்த அடையாளமும் இருக்காது.

அதே வரியின் கடைசிப் பகுதியில் ஒரு விநோத எண் உண்டு. முதலில் கடல்மட்டத்துக்கு மேல் உயரம் வரும். அதை அடுத்து, மைனஸ் 90-ஐ ஒட்டிய ஓர் எண். பலர் இதைப் பிழை என்று நினைப்பார்கள். உண்மையில் அது பூமியின் வடிவத்தைப் பற்றிய செய்தி. செயற்கைக்கோள் கணக்குக்காகப் பூமியை வழுவழுப்பான, சற்றே தட்டையான ஓர் உருண்டையாக வைத்துக்கொள்கிறார்கள். நிஜக் கடல்மட்டமோ ஈர்ப்புவிசைக்கு ஏற்ப அதிலிருந்து மேடு பள்ளமாக விலகுகிறது. உலகிலேயே மிக ஆழமான பள்ளம் நமக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல்மட்டம் கணித உருண்டையைவிட 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடு முழுவதும் அமர்ந்திருக்கிறது. ஏன் இந்தப் பள்ளம் என்பதற்குப் பூமியின் ஆழத்தில் நிகழும் பாறைக்குழம்பு ஓட்டத்தைக் காரணம் காட்டி, பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023-இல் ஒரு விளக்கம் வெளியிட்டார்கள். பாம்பனில் ஒரு வள்ளம் கடல்மட்டத்தில் மிதக்கும்போது, செயற்கைக்கோளின் கணக்குப்படி அது பூஜ்யத்துக்கு ஏறக்குறைய நூறு மீட்டர் கீழே மிதக்கிறது! படகுக்காரருக்கு உயரம் தேவையில்லை. ஆனால் தன் கருவியில் ஓடும் ஓர் எண்ணுக்குள் இவ்வளவு பெரிய கதை அடங்கியிருப்பது அவருக்கும் தெரியவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இப்போது செயற்கைக்கோள் பட்டியல். எண்களுக்கிடையே 40, 41 என்று இரண்டு தலைகாட்டினால் மகிழ்ச்சியடையுங்கள். அவை ஜிபிஎஸ் அல்ல, இந்தியாவின் ககன் அமைப்பைச் சுமக்கும் ஜிசாட் 8, ஜிசாட் 10 செயற்கைக்கோள்கள். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து விமானங்களுக்காக அமைத்தவை. தரையில் இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த நிலையங்களில் ஜிபிஎஸ் அளவை ஒப்பிட்டு, எவ்வளவு பிழை என்று கணக்கிட்டு, அந்தத் திருத்தத்தை நிலைச்சுற்றுப்பாதையிலிருந்து ஒலிபரப்புகிறார்கள். பறப்பவர்களுக்காகச் செய்தது மிதப்பவர்களுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

எதற்குத் திருத்தம்? ஜிபிஎஸ் என்பது அடிப்படையில் கடிகாரக் கணக்கு. வானொலி அலை புறப்பட்ட நேரத்தையும் வந்துசேர்ந்த நேரத்தையும் கழித்துத் தூரம் காண்கிறோம். ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். அலை வரும் வழியில் அயனிமண்டலம் என்ற மின்னேறிய காற்றடுக்கு அதைத் தாமதப்படுத்துகிறது. இந்தத் தாமதம் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனை வழியாகப் போகிறது. 1963-இல் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவ தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். அந்தக் கோட்டையொட்டி அயனிமண்டலம் மிகத் தடிமனாகவும் மிகக் கொந்தளிப்பாகவும் இருக்கும். ஐரோப்பாவில் சில மீட்டரோடு நிற்கும் தாமதம், சூரியன் சீறும் ஆண்டுகளில் நம் வானத்தில் நண்பகலுக்குப் பின் பத்து, இருபது மீட்டர் வரை போகும். வாங்கிக்குள் இருக்கும் பொதுவான கணக்கு அதில் பாதியைத்தான் சரிசெய்யும்.

பொழுது சாய்ந்தபின் வேறொரு தொல்லை. அயனிமண்டலத்துக்குள் குமிழ்கள்போல் வெற்றிடங்கள் எழும்பும். அவற்றைக் கடக்கும் அலை மினுமினுத்து, சில செயற்கைக்கோள்கள் சட்டென்று கைவிட்டுப் போகும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இரவு ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை இது அதிகம். படகுகள் கடலில் வலையோடு நிற்கும் நேரம் அது. மொட்டைமாடியில் வாங்கியை இரவு முழுக்க ஓடவிட்டுப் பதிவுசெய்து, காலையில் புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று பாருங்கள். ஒரு இரவின் பதிவு போதாது, வேறு வேறு மாதங்களில் எடுக்கவேண்டும். திண்டுக்கல் மாவட்டத்திலேயே, கொடைக்கானல் மலைமேல், நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துவரும் ஆய்வகம் இருக்கிறது. அது பதிவுசெய்யும் சூரியப் புள்ளிகள் கூடும் ஆண்டுகளில்தான் மாடியில் உள்ள புள்ளிக்கூட்டமும் பரக்கும். மலைமேல் தொலைநோக்கியில் தெரிவதும் பாக் விரிகுடாவில் திரையில் ஆடுவதும் ஒரே சூரியனின் வேலை.

இதற்கு நல்ல மருந்து இரட்டை அலைவரிசை. தாமதம் ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒவ்வொரு அளவு. ஆகவே இரண்டையும் ஒப்பிட்டால் தாமதத்தையே கண்டுபிடித்துக் கழித்துவிடலாம். இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான நாவிக் ஆரம்பம் முதலே எல்5, எஸ் என்ற இரண்டு அலைவரிசைகளோடு வடிவமைக்கப்பட்டது. சாதாரண வாங்கிகளுக்குப் பழக்கமான எல்1 அலைவரிசை 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 செயற்கைக்கோளிலிருந்துதான் சேர்ந்தது. புதிதாக வாங்குபவர்கள் எல்1, எல்5 இரண்டையும் கேட்கும் வாங்கியாகத் தேடி வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும், கூடட்டும்.

மாடியில் இன்னொன்றையும் கவனிக்கலாம். அசையாமல் வைத்த வாங்கி, வேகம் 0.1 நாட், 0.2 நாட் என்று காட்டும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). அதைவிட வேடிக்கை, திசை வடக்கு, தென்மேற்கு, கிழக்கு என்று சுழன்றுகொண்டே இருக்கும். ஜிபிஎஸ் காட்டும் திசை, நகர்ந்த திசை மட்டுமே. நிற்கும் படகின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அதற்குத் தெரியாது. அதற்குக் காந்த ஊசி வேண்டும். இங்கே காந்த நடுக்கோடு பக்கத்தில் இருப்பதால் ஊசி ஏறக்குறைய கிடைமட்டமாகவே நிற்கும், விலக்கமும் மேற்கே ஒன்றிரண்டு டிகிரிதான். வட ஐரோப்பாவுக்கென்று எடைபோட்டுச் சமன்செய்த திசைகாட்டி இங்கே சாய்ந்து உரசும் என்பதை வாங்கும்போது நினைவில் வையுங்கள். ஒலிபெருக்கியையும் மின்கம்பியையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

பிறகு வாங்கியை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையின் அடிவாரத்துக்குப் போங்கள். பாதி வானத்தைப் பாறை மறைத்துவிடும். மிஞ்சிய செயற்கைக்கோள்கள் ஒரே பக்கம் கூடி நிற்பதால் கணக்கு தளரும், பாறையில் பட்டுத் திரும்பும் அலை வேறு குழப்பும். நிற்கும் இடத்திலிருந்து புள்ளி தள்ளி நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். கடலில் பாறை இல்லை, ஆனால் படகின் கேபினுக்கு இரும்புக் கூரை இருந்தால் அதுவே பாறையாகிவிடும். ஆன்டெனா கூரைக்கு மேலே போகவேண்டும்.

அதே மலைக்கோட்டையை வைத்து இன்னொரு சோதனை. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடம் ஒன்றில் மலைக்கோட்டையின் அட்ச, தீர்க்க ரேகைகளைப் படித்து, அந்த எண்களை அப்படியே ஓப்பன்சிபிஎன்னில் கொடுத்துப் பாருங்கள். புள்ளி கோட்டைமேல் விழாது. ஏறக்குறைய இருநூறு மீட்டர் தள்ளி விழும். வரைபடமும் சரி, ஜிபிஎஸ்ஸும் சரி. இரண்டும் வைத்துக்கொண்ட பூமிதான் வேறு. வில்லியம் லாம்டன் 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை, பிறகு ஏறக்குறைய 78-ஆவது தீர்க்கரேகையைப் பிடித்துக்கொண்டு தெற்கு வடக்காக நீண்டது. திண்டுக்கல் அந்த ரேகையின் மேலேயே இருக்கிறது எனலாம். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது அவருடைய பெரிய கோணமானி அடிபட்டதும் இந்த வேலையில்தான். அந்த அளவைகளைக் கொண்டு ஜார்ஜ் எவரஸ்ட் 1830-இல் கணித்த பூமி வடிவத்தின்மேல்தான் இந்தியாவின் பழைய வரைபடங்கள் எல்லாம் நிற்கின்றன. ஜிபிஎஸ் பயன்படுத்துவதோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு வடிவம். எண் ஒன்றாக இருந்தாலும் இடம் வேறு.

இருநூறு மீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். திண்டுக்கல்லில் அது இரண்டு தெரு தூரம். ராமேஸ்வரத்துக்குக் கிழக்கே அதன் பொருள் வேறு.

1974 ஜூன் 26-இல் கொழும்பிலும் 28-இல் டெல்லியிலும் கையெழுத்தான ஒப்பந்தம், பாக் நீரிணையில் இந்திய-இலங்கைக் கடல் எல்லையை ஆறு புள்ளிகளால் வரையறுத்தது. முதல் புள்ளி வடக்கு 10 டிகிரி 5 நிமிடம், கிழக்கு 80 டிகிரி 3 நிமிடம். ஆறாவது வடக்கு 9 டிகிரி 6 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 32 நிமிடம். மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் 1976 மார்ச்சில் இன்னோர் ஒப்பந்தம். ராமேஸ்வரத்திலிருந்து நேர் கிழக்கே போனால் சுமார் 12 கடல் மைலில் இந்தக் கோடு வந்துவிடும். மாநிலச் சட்டப்படி விசைப்படகுகள் கரையை ஒட்டிய முதல் சில கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது. மிஞ்சுவது ஒரு குறுகிய பட்டைதான். அதற்குள்தான் நூற்றுக்கணக்கான படகுகளும் அவற்றை நம்பிய குடும்பங்களும். கோட்டைத் தாண்டினால் கைது, படகு பறிமுதல், மாதக்கணக்கில் சிறை. இந்த நீரில் சில நூறு மீட்டர் ஒரு மனிதரின் வாழ்க்கையையே மாற்றிவிடுகிறது.

அந்த ஒப்பந்தப் புள்ளிகளை இணையத்தில் எடுத்து, தானே தட்டச்சு செய்து கோடு போட்டுக்கொள்ளும் ஆசை யாருக்கும் வரும். செய்யாதீர்கள். அந்த எண்கள் எழுதப்பட்டபோது டபிள்யூஜிஎஸ் 84 பிறக்கவே இல்லை. டேராடூனில் உள்ள தேசிய ஹைட்ரோகிராஃபிக் அலுவலகம் வெளியிடும் மின்னணுக் கடல் வரைபடத்தை வாங்கி, அதில் உள்ள கோட்டைப் பின்பற்றுங்கள். ஆழ விவரத்துக்கும் அதுவே வேண்டும். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்குள் அடங்கும் ஆழமற்ற கடல், மணல்திட்டுகள் வேறு.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் படகுக் கணினிகள் அதிகம் சாவது இதனால்தான். கணினிக்கு 5 வாட், திரைக்கு 10 வாட் என்றால் 12 வோல்ட்டில் ஒன்றேகால் ஆம்பியர். ஒரு நாளுக்கு 30 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, ஆகவே 60 ஆம்பியர்-மணியாவது இதற்கென்று வேண்டும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வோல்ட்டேஜ் சரியும். மாற்றி மட்டமானதாக இருந்தால் கணினி அணைந்து, நினைவட்டையில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெட்டு, மறுபடி எழுந்திருக்காது. இதைச் சோதிக்கக் கடலுக்குப் போகவேண்டாம். ஒரு லோடு ஆட்டோவின் பேட்டரியில் மாட்டி, பலமுறை ஸ்டார்ட் அடித்துப் பாருங்கள். ஃப்யூஸை பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். தண்ணீர் புகாத பெட்டிக்குள் அடைத்தால் சூடும் வெளியேறாது. ராஸ்பெர்ரி பை 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை மாதத் திண்டுக்கல் வெயிலில், மூடிய பெட்டியை நடுப்பகலில் மாடியில் வைத்து ஒரு முழு நாள் தாக்குப்பிடித்தால் அது கடலிலும் பிழைக்கும். உப்பை மட்டும் இங்கே சோதிக்க முடியாது. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியையும் நல்ல இணைப்பிகளையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

இந்தக் கணினி தனியாக எல்லாம் செய்துவிடாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் திரண்டபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குத் தாங்கள் நிற்கும் இடம் தெரிந்திருந்தது. புயல் வருவதைச் சொல்லத்தான் வழியில்லை. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்டினால் கைப்பேசிக் கோபுரம் எட்டாது. அதன் பிறகுதான், 2019 அக்டோபரில், ஹைதராபாத்தின் கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸ் ஜெமினி என்ற கருவியைக் கொண்டுவந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாகப் புயல், அலை எச்சரிக்கைகளைக் கடலுக்கே அனுப்புகிறது. பெறமுடியும், பதில் அனுப்ப முடியாது. இருவழிச் செய்திக்கான இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃப்ரெண்ட் செயலி எல்லையை நெருங்கும்போது கைப்பேசியிலேயே எச்சரிக்கிறது. உங்கள் படகில் இவற்றில் ஏதாவது இருந்தால் கழற்றிவிட்டுக் கணினியை வைக்காதீர்கள், பக்கத்தில் வையுங்கள்.

கடைசியாக எச்சரிக்கை மணி. எல்லைக்கு எத்தனை மைல் முன்னால் மணி அடிக்கவேண்டும் என்று கேட்டால், பெரும்பாலானோர் ஒரு மைல் என்பார்கள். மைலில் வைப்பது தவறு. ஏழு நாட் வேகத்தில் ஓடும் படகு ஒரு மைலை ஒன்பது நிமிடத்துக்குள் கடக்கும். அதே படகு இழுவலையைப் போட்டு இரண்டரை நாட்டில் ஊர்ந்தால் 24 நிமிடம் ஆகும். ஆனால் அப்போது நினைத்தவுடன் திரும்ப முடியாது, வலையை வாங்கி முடிக்கவேண்டும். இன்ஜின் நின்றுவிட்டாலோ காற்றும் நீரோட்டமும் வைத்ததுதான் வேகம். ஆகவே மணியை நிமிடத்தில் வையுங்கள். இப்போதைய வேகத்தில், இப்போதைய திசையில் போனால் இத்தனை நிமிடத்தில் கோடு வரும் என்றால் அடி, என்று. ஓப்பன்சிபிஎன்னில் இதற்கான துணை நிரல் உண்டு. அந்த நிமிடம் எத்தனை என்பதைக் கணினி அமைப்பவர் முடிவுசெய்யக் கூடாது. படகின் டிரைவரிடம், வலையை வாங்கித் திரும்ப ராத்திரியில், காற்று எதிர்த்தால், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணோடு, மாடியில் பல மாதம் பதிவுசெய்து கண்ட பிழையின் அகலத்தையும் சேர்த்துப் போடுங்கள். முதல் சில பயணங்களில் அவர் பழகிய பழைய கைப்பிடி ஜிபிஎஸ்ஸைத் திரைக்குப் பக்கத்திலேயே கட்டிவைத்து, இரண்டும் காட்டும் எண்களை மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள்.